எந்த மேஜர்? அமெரிக்க மருத்துவப் பள்ளிகளுக்கு முந்தைய நான்கு ஆண்டுகள்

அமெரிக்காவில் மருத்துவம் பட்டதாரிகள் படிக்கும் படிப்பு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் வழக்கம் அங்கே இல்லை. முதலில் நான்கு ஆண்டு இளங்கலை. பிறகு நான்கு ஆண்டு எம்.டி. அல்லது ஆஸ்டியோபதி மருத்துவத்துக்கான டி.ஓ. பட்டம்; அதன்பின் துறைக்கேற்ப மூன்று முதல் ஏழு ஆண்டு வரை மருத்துவமனையில் ரெசிடென்சி. பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், ஆப்டோமெட்ரி, பிசியோதெரபி ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். இளங்கலையையும் மருத்துவத்தையும் சேர்த்து ஏழெட்டு ஆண்டுகளில் முடிக்கும் இணைப்புத் திட்டங்கள் சில உண்டு. அவற்றில் இடங்கள் மிகக் குறைவு. ஆகவே மருத்துவராக விரும்பும் பதினெட்டு வயது மாணவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, இளங்கலையில் எந்தப் பாடத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுப்பது என்பதுதான்.

பெரும்பாலான கல்லூரிகளில் ‘ப்ரீமெட்’ என்று ஒரு மேஜர் கிடையாது. அது ஒரு நோக்கத்தின் பெயர். வரலாறு படிப்பவரும் ப்ரீமெட்டாக இருக்கலாம். இயற்பியல் படிப்பவரும் இருக்கலாம். மருத்துவப் பள்ளிகள் கேட்கும் சில பாடங்களை முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, விண்ணப்பிக்க ஆயத்தமாகிற எவரும் ப்ரீமெட்தான். கல்லூரியில் இதற்கென ஆலோசகர் இருப்பார். சில கல்லூரிகளில் பேராசிரியர் குழு ஒன்று கூடி மாணவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதும். பட்டச் சான்றிதழில் மட்டும் அந்தச் சொல் இடம்பெறுவதில்லை.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பில் எந்த குரூப் எடுப்பது என்பதிலேயே வழி பிரிந்துவிடுகிறது. உயிரியல் இல்லாத குரூப்பில் சேர்ந்தவருக்கு மருத்துவக் கனவு அத்தோடு முடிந்தது என்றே பல காலமாக வீடுகளில் பேசப்பட்டு வந்திருக்கிறது. அந்த அனுபவத்தோடு வந்த பெற்றோர், ‘டாக்டராக வேண்டுமென்றால் பயாலஜிதானே’ என்று பிள்ளையிடம் சொல்வது இயல்பு. அக்கறையில் பிறக்கும் அந்த அறிவுரை அமெரிக்க முறைக்குப் பொருந்தாது. உயிரியலை விரும்பிப் படிப்பவருக்கு அது மிக நல்ல மேஜர். விரும்பாதவருக்கு அது நான்கு ஆண்டுச் சுமை.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மருத்துவப் பள்ளிகளில் பல, மருத்துவர்கள் சிலர் சேர்ந்து கட்டண வருவாய்க்காக நடத்திய நிறுவனங்களாக இருந்தன. உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்களுக்கும் அவற்றில் இடம் கிடைத்தது. பால்டிமோரில் 1893-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி இதை மாற்றியது. உள்ளே வருவோர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும். உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. இந்தக் கண்டிப்பின் பின்னால் ஒரு பெண்மணி இருந்தார். பள்ளியைத் திறக்கப் பணம் போதாமல் பல்கலைக்கழகம் தவித்தபோது மேரி எலிசபெத் காரெட் பெருந்தொகை கொடுத்தார். பெண்களை ஆண்களுக்கு நிகராகச் சேர்க்க வேண்டும், நுழைவுத் தகுதி உயர்வாக இருக்க வேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். மாணவர்களாக வந்திருந்தால் நமக்கே இடம் கிடைத்திருக்காது, ஆசிரியர்களாக வந்ததால் பிழைத்தோம் என்று வில்லியம் ஆஸ்லர் தம் சகா வில்லியம் வெல்ச்சிடம் சொன்னதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது.

கார்னெகி அறக்கட்டளைக்காக ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்வையிட்டு 1910-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். அவர் மருத்துவர் அல்லர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஹாப்கின்ஸ்தான் அவருக்கு முன்மாதிரி. குறைந்தது இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பும், அதில் வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகியவையும் இல்லாமல் மருத்துவம் கற்பிக்க முடியாது என்று அவர் வாதிட்டார். இன்றைய ப்ரீமெட் பாடப் பட்டியலின் எலும்புக்கூடு அங்கிருந்து வந்தது. தரம் உயர்ந்தது, போலிப் பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் கருப்பின மாணவர்களுக்காக இருந்த ஏழு மருத்துவப் பள்ளிகளில் ஐந்து மறைந்து, ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே எஞ்சின. வாசலை உயர்த்தும்போது எவரெவர் வெளியே நின்றுவிடுகிறார்கள் என்ற கேள்வி அன்றே எழுந்தது. நூறாண்டு கடந்தும் அது இந்தப் பாடப் பட்டியலை விட்டு அகலவில்லை.

இன்று பெரும்பாலான மருத்துவப் பள்ளிகள் எதிர்பார்ப்பவை: ஆய்வகத்தோடு கூடிய உயிரியல் ஓராண்டு, பொது வேதியியல் ஓராண்டு, கரிம வேதியியல் ஓராண்டு, இயற்பியல் ஓராண்டு; இவற்றோடு ஒரு பருவம் உயிர்வேதியியல், புள்ளியியல் அல்லது கணிதம், ஓராண்டு ஆங்கிலம் அல்லது எழுத்துப் பயிற்சி மிகுந்த பாடங்கள். உளவியலும் சமூகவியலும் பல பள்ளிகளில் கட்டாயமில்லை. நுழைவுத் தேர்வில் கேட்கப்படுவதால் மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 50 கிரெடிட். இளங்கலைப் பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட் அளவில் தேவை. மேஜர் ஒன்றுக்குத் துறையைப் பொறுத்து 35 முதல் 50 கிரெடிட் வரை ஆகும் என்று வைத்துக்கொண்டால், தத்துவமோ இலக்கியமோ மேஜராக எடுப்பவரும் மருத்துவத்துக்கான பாடங்களை முடித்துவிட முடியும். அவருக்கு மீதமிருக்கும் இடம் குறைவு. திட்டமிடாவிட்டால் இறுதி ஆண்டில் நெரிசல் வரும். அறிவியல் மேஜர் எடுப்பவருக்கு இரண்டு பட்டியலும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அறிவியல் மேஜரின் உண்மையான வசதி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆனால் எல்லா அறிவியல் மேஜரும் இந்தப் பட்டியலோடு ஒரே அளவில் படிவதில்லை. உயிரியல் மேஜரில் பெரும்பகுதி பொருந்திவிடும். அதற்குள்ளேயே சூழலியல், தாவரவியல், மூலக்கூறு உயிரியல், உடலியங்கியல் என்று கிளைகள் இருப்பதால் மேல்வகுப்புகளில் மருத்துவத்துக்கு அருகிலுள்ள பாடங்களைத் தேர்ந்துகொள்ளலாம். உயிர்வேதியியல் மேஜர் இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். கேட்கப்படும் அறிவியல் பாடங்களில் ஏறக்குறைய எல்லாமே அதன் பாடத்திட்டத்துக்குள் வந்துவிடும். விலையாக, இயற்பிய வேதியியலையும் அதற்குரிய கணிதத்தையும் படித்தாக வேண்டும். வெப்பவியக்கவியலிலும் குவாண்டம் கொள்கையிலும் ருசி இல்லாத மாணவருக்கு அங்கே மதிப்பெண் சரியும் வாய்ப்பு அதிகம். வேதியியல் மேஜரில் இது இன்னும் கூடுதல்.

நரம்பியல் மேஜர் அண்மைக் காலத்தில் பல கல்லூரிகளில் வேகமாக வளர்ந்திருக்கிறது. உயிரியலும் உளவியலும் அதில் ஒன்றாக ஓடுவதால், உடலைப் போலவே மனத்தின் மீதும் ஆர்வமுள்ளவருக்கு அது இயல்பாக அமைகிறது. சில கல்லூரிகளில் நரம்பியல் மேஜருக்கு இயற்பியலோ கரிம வேதியியலின் இரண்டாம் பருவமோ தேவைப்படாது. அவற்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை முதலாண்டிலேயே கவனிக்க வேண்டும். பொதுச் சுகாதார மேஜர், நோய் ஏன் சில தெருக்களில் கூடுதலாகவும் சிலவற்றில் குறைவாகவும் இருக்கிறது என்று கேட்கக் கற்றுத்தருகிறது. மருத்துவருக்கு அது அரிய பயிற்சி. ஆனால் வேதியியலும் இயற்பியலும் பெரும்பாலும் அதன் பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கும்.

செவிலியர் பட்டப்படிப்பைப் படிக்கட்டாகக் கருதி எடுப்போரும் உண்டு. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. செவிலியர் மாணவர்களுக்கென்று நடத்தப்படும் வேதியியல், உயிரியல் வகுப்புகள் பல கல்லூரிகளில் அறிவியல் மேஜர்களுக்கான வகுப்புகளிலிருந்து வேறானவை; மருத்துவப் பள்ளிகள் பல அவற்றை ஏற்பதில்லை. இதனால் அதே பெயருள்ள பாடத்தை மறுபடியும் படிக்க நேரும். அதோடு, மருத்துவமனைப் பயிற்சி நேரங்களும் ஆய்வக வகுப்புகளும் கால அட்டவணையில் மோதும். செவிலியராகவே பணியாற்ற விரும்புவோருக்கு அது முழுமையான, மதிப்புமிக்க படிப்பு. மருத்துவத்துக்குக் குறுக்குவழியாக அதை எடுப்பவர் அந்தப் படிப்புக்கும் தமக்கும் நியாயம் செய்வதில்லை.

பொறியியல், குறிப்பாக உயிர்மருத்துவப் பொறியியல், தமிழ் வீடுகளில் அதிகம் விரும்பப்படுவது. மருத்துவம் கிடைக்காவிட்டாலும் வேலை உண்டு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அது நியாயமான எண்ணமே. இடர்ப்பாடு மதிப்பெண் கணக்கில் வருகிறது. எம்.டி. பள்ளிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை ஒவ்வொரு மாணவருக்கும் கணக்கிடும் ஜி.பி.ஏ.க்களில் (மதிப்பெண் சராசரிகளில்) இரண்டு முக்கியமானவை: எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து ஒன்று, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்குக்கு மட்டும் தனியாக ஒன்று. பொறியியல் பாடங்கள் பொதுவாக இந்த இரண்டாவது கணக்கில் வருவதில்லை. இரவு பகலாக உழைத்துப் பெற்ற திரவ இயக்கவியல் மதிப்பெண் அறிவியல் ஜி.பி.ஏ.வை உயர்த்தாது, அங்கே விழுந்த ‘பி’ மட்டும் மொத்த ஜி.பி.ஏ.வைத் தாழ்த்தும். புள்ளியியல், கணிதமாகக் கணக்கில் சேர்கிறது; உளவியல் சேர்வதில்லை. ஒரு பாடத்தில் தவறி மறுபடியும் எழுதினால் இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் வரும். டி.ஓ. பள்ளிகளின் விண்ணப்பச் சேவை ஒருகாலத்தில் கடைசி மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது; 2017-இல் அந்தச் சலுகையும் நின்றுபோனது.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்பதைப் போட்டியின் அளவு காட்டும். 2021-22 சேர்க்கைச் சுற்றில் எம்.டி. பள்ளிகளுக்கு விண்ணப்பித்தோர் 62,443 பேர். சேர்ந்தோர் 22,666 பேர். பெருந்தொற்றுக் காலம் என்பதால் அந்த ஆண்டு விண்ணப்பங்கள் வழக்கத்தைவிட அதிகம். மற்ற ஆண்டுகளிலும் பத்தில் நான்கு பேர் அளவுக்கே இடம் கிடைக்கிறது. அண்மை ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. நான்குக்கு 3.75-ஐ ஒட்டி இருந்துவருகிறது. இந்த நிலையில் கடினமான மேஜர் எடுத்தேன், ஆகவே 3.3-ஐப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற வாதம் தேர்வுக்குழுக்களிடம் ஓரளவுதான் எடுபடும். மேஜரின் கடினத்தை அவை அறியாமல் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை முதலில் சலிக்கும்போது எண்கள்தான் முன்னால் வருகின்றன.

அந்த எண்களில் மற்றொன்று, எம்கேட் எனப்படும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண். 1928-இல் மருத்துவ மாணவர்களுக்கான தகுதித் தேர்வாகத் தொடங்கிய இதன் இன்றைய வடிவம் 2015-இல் வந்தது. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை, மொத்தம் 472 முதல் 528 வரை. இடைவேளைகளோடு சேர்த்து ஏறத்தாழ ஏழரை மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தேர்வை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் வியப்படைவது இயல்பு. வேதியியல்-இயற்பியல் பகுதியில் கரிம வேதியியலுக்கு 15 விழுக்காடு. உயிரியல் பகுதியில் 5 விழுக்காடு. உயிர்வேதியியலுக்கோ அந்த இரண்டு பகுதிகளிலும் தலா 25 விழுக்காடு. ஓராண்டு முழுக்க மாணவர்களை உறங்கவிடாத கரிம வேதியியலைவிட, ஒரே பருவத்தில் முடியும் உயிர்வேதியியலின் பங்கு தேர்வில் பெரியது. எனவே எந்த மேஜர் எடுத்தாலும், உயிர்வேதியியலை எம்கேட்டுக்கு முன்பே முடித்திருப்பது பெரும் பயன் தரும். மூன்றாவது பகுதி உளவியலும் சமூகவியலும். நான்காவது பகுதிக்குப் பாடத்திட்டமே இல்லை: மெய்யியல், கலை, வரலாறு, சமூக அறிவியல் சார்ந்த உரைநடைப் பகுதிகளைப் படித்து 90 நிமிடத்தில் 53 கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். அறிவியல் பாடநூல்களை மட்டுமே படித்து வளர்ந்தவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். சில மாதப் பயிற்சியில் இந்தத் திறனைச் சேர்த்துவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் பலதரப்பட்ட நூல்களை வாசித்தவருக்கே அது கைவரும்.

பாடங்களின் வரிசை, மேஜரின் பெயரைவிட முக்கியமானது. பொது வேதியியல் முடிந்தால்தான் கரிம வேதியியல். கரிமம் முடிந்தால்தான் உயிர்வேதியியல். இந்தச் சங்கிலி மட்டுமே இரண்டரை ஆண்டு எடுக்கும். விண்ணப்பம் மருத்துவப் பள்ளியில் சேரும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் கோடைகாலத் தொடக்கத்தில் அனுப்பப்பட வேண்டும். இடைவெளி இல்லாமல் மருத்துவப் பள்ளிக்குப் போக விரும்புபவர் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் இந்தச் சங்கிலியையும் எம்கேட்டையும் முடித்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள். முதல் பருவத்திலேயே வேதியியலைத் தொடங்காதவர் ஓராண்டு பின்தங்குவார். அதில் இழப்பு ஒன்றுமில்லை. இப்போது மருத்துவப் பள்ளியில் சேர்வோரில் பெரும்பான்மையோர் இளங்கலைக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு வேறு பணியில் இருந்துவிட்டே வருகிறார்கள். முதலாண்டிலேயே வேதியியல், உயிரியல், கணிதம் மூன்றையும் அடுக்கி, மூன்றிலும் சறுக்கி விழுவதைவிட, இரண்டை எடுத்து நன்றாகச் செய்து ஓராண்டு தாமதமாக விண்ணப்பிப்பது மேலானது.

கரிம வேதியியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவே பலரின் கனவு உடையும் இடம். 2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தை நடத்திய மெய்ட்லண்ட் ஜோன்ஸ் என்ற மூத்த பேராசிரியருக்கு எதிராக, வகுப்பின் 350 பேரில் 82 பேர் மனு அளித்தனர். பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. கரிம வேதியியலுக்குப் புகழ்பெற்ற பாடநூல் எழுதியவர் அவர். மாணவர்கள் உழைக்கவில்லையா, பாடம் அளவுக்கு மீறிக் கடுமையாக்கப்பட்டதா என்று நாடெங்கும் விவாதம் நடந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பார், மருத்துவ ஆசையோடு கல்லூரிக்கு வந்து பின்னர் அதைக் கைவிட்ட மாணவர்களை ஆராய்ந்திருந்தார். சிறுபான்மை இனத்தவரும் பெண்களும் கூடுதலாக விலகினர். அவர்கள் சுட்டிய முதன்மைக் காரணம் தொடக்கநிலை வேதியியல் வகுப்புகளில் நேர்ந்த கசப்பான அனுபவம். நல்ல மருத்துவராக வந்திருக்கக் கூடியவர் ஒருவர், சரியான பள்ளி வேதியியல் அமையாத ஒரே காரணத்தால் பதினெட்டு வயதில் வெளியேறுவது சமூகத்துக்கும் இழப்பு. இதைத் தடுக்கக் கல்லூரிகள் இன்னும் நிறையச் செய்ய வேண்டியிருக்கிறது. மாணவர் செய்யக் கூடியது, முதல் சறுக்கலைத் தம் தகுதி பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஆசிரியரின் அலுவல் நேரத்துக்கும் படிப்புக் குழுவுக்கும் உடனே போவது.

மேஜருக்கும் சேர்க்கைக்கும் உள்ள உறவை மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் ஆண்டுப் பட்டியல்கள் தெளிவாகக் காட்டுகின்றன. விண்ணப்பிப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் உயிரியல் சார்ந்த மேஜர்கள். சேர்வோரிலும் அவர்களே பெரும்பான்மை. ஆனால் விகிதம் என்று பார்த்தால் இலக்கியம், வரலாறு போன்ற கலைப்புலத் துறைகளும், இயற்பியல், வேதியியல் போன்ற துறைகளும், கணிதமும் உயிரியலைவிடச் சற்று மேலே நிற்கின்றன. நலவாழ்வுத் துறை சார்ந்த சிறப்பு மேஜர்கள் சற்றுக் கீழே. இதைக் கண்டு இலக்கியம் எடுத்தால் இடம் உறுதி என்று முடிவு கட்டுவது தவறு. இலக்கியம் படித்துக்கொண்டே கரிம வேதியியலிலும் வெற்றிபெறத் துணிகிறவர்கள் ஏற்கெனவே தேர்ந்த மாணவர்கள், எண்ணிக்கையிலும் சிலரே. பட்டியலிலிருந்து உறுதியாகச் சொல்லத் தக்கது, எந்த மேஜரும் வாசலை அடைப்பதில்லை, எதுவும் தானாகத் திறப்பதுமில்லை என்பது மட்டுமே.

அறிவியல் பாடங்களே தேவையா என்று அடிப்படையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் தலைவராக இருந்த லூயிஸ் தாமஸ் 1978-இல் எழுதிய கட்டுரையில், தம்மை ப்ரீமெட் என்று அழைத்துக்கொள்ளும் மாணவர்களின் விண்ணப்பங்களை மருத்துவப் பள்ளிகள் கடைசி அடுக்கில் வைக்க வேண்டும் என்றும், செவ்வியல் கிரேக்க மொழியை இளங்கலையின் நடுநாயகமாக வைக்கலாம் என்றும் முன்மொழிந்தார். மதிப்பெண் வேட்டை கல்லூரி வாழ்வையே அரிக்கிறது என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவப் பள்ளி 1987 முதல் இதை நடைமுறையில் சோதித்தது. கலைப்புல, சமூக அறிவியல் மாணவர்களைக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே தேர்ந்தெடுத்து, கரிம வேதியியலும் இயற்பியலும் எம்கேட்டும் இல்லாமல் சேர்த்துக்கொண்டது. 2010-இல் டேவிட் முல்லரும் நேதன் கேஸும் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் மருத்துவப் பள்ளியில் மற்றவர்களுக்கு இணையாகவே செயல்பட்டனர். உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில் சற்றுக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். மனநல மருத்துவத்தையும் ஆரம்பநிலை மருத்துவத்தையும் அதிகம் நாடினர்.

இதற்கிடையே 2009-இல் மருத்துவக் கல்லூரிகள் சங்கமும் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, எந்தப் பாடத்தை முடித்தார் என்பதை விட்டு எந்தத் திறனைப் பெற்றார் என்று பார்க்கச் சொன்னது. ஸ்டான்ஃபர்ட் போன்ற சில மருத்துவப் பள்ளிகள் இப்போது குறிப்பிட்ட பாடங்களைக் கட்டாயமாக்குவதில்லை. ஆயினும் மாணவர் பலப்பல பள்ளிகளுக்கு ஒருசேர விண்ணப்பிப்பதால், கண்டிப்பான பள்ளியின் பட்டியலே நடைமுறையில் எல்லோருக்கும் பட்டியலாகிறது.

இத்தனைக்கும் பிறகு மேஜரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் எது? விண்ணப்பிப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஆண்டு இடம் பெறாதவர்கள் என்ற உண்மையிலிருந்தே அது கிடைக்கிறது. மருத்துவ வாசல் திறக்காவிட்டாலும் பயன் தரும் பாடமாக, படித்ததற்கு வருத்தப்பட வேண்டாத பாடமாக மேஜர் இருக்க வேண்டும். உயிர்வேதியியல் பட்டதாரி மருந்து ஆய்வகத்துக்குப் போகலாம். புள்ளியியல் பட்டதாரிக்கு மருத்துவமனைகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இடம் உண்டு. தம் விருப்பத்தால் எடுத்த பாடத்தில் மாணவர் பேராசிரியரின் அறைக்குப் போகிறார், ஆய்வில் சேர்கிறார், நேர்காணலில் அதைப் பற்றிக் கண்கள் ஒளிரப் பேசுகிறார். மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதமும் அங்கிருந்துதான் வருகின்றன. பெரும்பாலான கல்லூரிகளில் மேஜரை இரண்டாம் ஆண்டு இறுதியில் அறிவித்தால் போதும். பொறியியலும் செவிலியமும்தான் தொடக்கத்திலேயே உறுதி கேட்பவை. அந்த இரண்டு ஆண்டு அவகாசத்தைக் குடும்பங்கள் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

மருத்துவத்துக்கு அப்பால் உள்ள தொழிற்பள்ளிகளில் கணக்கு மாறுகிறது. பல் மருத்துவத்துக்கான டிஏடி தேர்வில் இயற்பியல் பகுதி இல்லை. பதிலாக வடிவங்களையும் கோணங்களையும் மனக்கண்ணால் திருப்பிப் பார்க்கும் திறன் சோதிக்கப்படுகிறது. ஆனால் பல் மருத்துவப் பள்ளிகள் பல இயற்பியலைப் பாடமாகக் கேட்கவே செய்கின்றன. ஆப்டோமெட்ரியில் ஒளியியல் அடிப்படை என்பதால் அதன் நுழைவுத் தேர்விலேயே இயற்பியல் உண்டு. மருந்தியலில் ஃபார்ம்.டி. பட்டத்துக்கு இளங்கலை முடிக்காமலே, இரண்டு அல்லது மூன்று ஆண்டு முன்படிப்போடு சேரும் வழிகள் பல இருப்பதால் மேஜர் என்ற கேள்வியே அங்கே மெலிதாகிறது. அதன் நுழைவுத் தேர்வான பிகேட்டும் 2024-இல் கைவிடப்பட்டது. கால்நடை மருத்துவத்துக்கு மரபியல், உயிர்வேதியியல், சில இடங்களில் விலங்கு ஊட்டச்சத்து ஆகியவை தேவை. விலங்குகளோடு பழகிய அனுபவம் இன்றியமையாதது. விலங்கறிவியல் மேஜர் உள்ள, கார்னெல், டேவிஸ் போன்ற வேளாண் மரபுடைய பல்கலைக்கழகங்கள் அதற்கு வசதியானவை. பிசியோதெரபிக்கு உடற்கூறியலும் உடலியங்கியலும் முதன்மை. உடல் இயக்க அறிவியல் மேஜர் அதற்கு நேராகப் பொருந்தும்.

மருத்துவரோடு இணைந்து நோயாளிகளைக் கவனிக்கும் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் பணிக்கான படிப்பு 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் தொடங்கியது. கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்து திரும்பியவர்களே அதன் முதல் மாணவர்கள். நோயாளிகளோடு நேரடியாகப் பணியாற்றிய அனுபவத்தை இன்றும் அது மற்ற எதையும்விட அழுத்தமாகக் கேட்பதற்கு இந்தத் தோற்றமே காரணம். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய மூன்றும் கட்டாயம் போன்றவை. இவை மருத்துவப் பள்ளியின் பட்டியலில் இல்லாததால், இரண்டு தொழிலுக்கும் ஒருசேர ஆயத்தமாக நினைப்பவர் கூடுதல் பாடங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

கல்லூரி முடிந்த பிறகே மருத்துவ ஆசை பிறப்பவர்களுக்கும் வழி உண்டு. போஸ்ட்-பாக் எனப்படும் பட்டத்துக்குப் பிந்தைய திட்டங்களில் வேதியியல் முதல் உயிர்வேதியியல் வரை தேவையான பாடங்களை மட்டும் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகம் 1955-இல் இதைத் தொடங்கி முன்னோடியானது. பிரின் மார், கவுச்சர் கல்லூரிகளின் திட்டங்களும் பெயர் பெற்றவை. செலவு அதிகம், உதவித்தொகை அரிது. இந்தியப் பட்டத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர்களுக்கும் பெரும்பாலும் இதே பாதைதான், ஏனெனில் அமெரிக்கா அல்லது கனடாவில் பெற்ற கிரெடிட்டுகள் இல்லாமல் மருத்துவப் பள்ளிகளில் பல விண்ணப்பத்தையே ஏற்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் முடித்த அறிவியல் பாடங்களைச் சில பள்ளிகள் காலாவதியானவையாகக் கருதும் என்பதால், அவர்கள் பாடங்களுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே, தாம் விண்ணப்பிக்க எண்ணும் பள்ளிகளின் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.